ராஜமாணிக்கம் போட்ட லினக்ஸ்

போன வாரம் சுகன்யா போன் செய்தாள். கல்லூரி கம்ப்யூட்டர் சென்டரில் நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள் அவள்.

"மேடம், மொத்த லேபுக்கும் புது வெர்ஷன் போட்டாச்சு. சர்வர்லேர்ந்து ஒரே க்ளிக். டீ குடிச்சிட்டு வந்து பாத்தா முடிஞ்சிருக்கு. உங்க காலத்துல இதுக்கு என்னதான் பண்ணினீங்க? ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

"நாங்களும் டீதான் குடிச்சோம். ஆனா ரொம்ப நிறைய குடிச்சோம்" என்றேன். சிரித்துவிட்டு, எழுதியே ஆகணும் என்று பிடித்துக்கொண்டாள். அதனால் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டருக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடுவதுதான் என் உத்தியோகம். பெட்டியைத் திறந்து சரிசெய்வது, வயர் இழுப்பது எல்லாம் உண்டு. ஆனாலும் கல்லூரியில் என்னை யார் தேடி வந்தாலும் "பர்வீன் மேடம், சிஸ்டம் படுத்திருச்சு, வேற போட்டுக் குடுங்க" என்றுதான் வருவார்கள். அத்தா பெரிய கடைவீதிக்குப் பின்னால் நகைக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவர். மகள் சாணைச் சக்கரத்தின் பக்கம் வரக்கூடாது என்று பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டார். அங்கே படித்ததில் பாதி, நான் வேலைக்குச் சேர்ந்த வருடமே பழசாகிவிட்டது. மிச்சத்தைக் கற்றுக்கொண்டது எல்லாம் பிளாப்பி உறைகளுக்கு நடுவில்தான். ஒன்றன்பின் ஒன்றாகப் பிளாப்பிகளைப் போட்டுக்கொண்டே வந்து, கடைசிப் பிளாப்பியில் "படிக்க முடியவில்லை" என்று திரை சொல்லும்போது வரும் ஆத்திரம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

என் மேலதிகாரி பார்த்தசாரதி சார். ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து தினமும் காவிரிப் பாலம் தாண்டி ஸ்கூட்டரில் வருவார். நெற்றியில் ஒற்றை ஸ்ரீசூர்ணம், சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர். ரம்ஜான் நோன்பும் அவருடைய ஏகாதசியும் ஒரே நாளில் வந்துவிட்டால் எங்கள் ரூமுக்கு டீக்காரர் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்.

சாருக்கு என்று ஒரு முறை இருந்தது. ஒரு கம்ப்யூட்டரில் பழையதை அழித்துவிட்டுப் புதிய சிஸ்டம் போடும் முன்னால், அதை வைத்திருப்பவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைப்பார். கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொள்வார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"இதுல எது போனா நீங்க அழுவேள்?"

ஒருமுறை வேதியியல் பேராசிரியர் ஒருவர், "ஒண்ணுமே இல்ல சார், எல்லாம் குப்பை, அழிச்சிடுங்க" என்றார். சார் அசையவில்லை. "சித்த யோசிங்கோ. அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். பேராசிரியர் முனகிக்கொண்டே கேன்டீனுக்குப் போனார். போன வேகத்தில் ஓடி வந்தார். "சார், சார், என் பொண்ணு கல்யாண போட்டோ எல்லாம் அதுலதான்!" சார் பேப்பரை மடித்து வைத்தார். முகத்தில் ஒரு சின்ன சிரிப்புகூட இல்லை. "பேஷா எடுத்து வெச்சுக்கலாம்" என்றார், அவ்வளவுதான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. இன்டர்நெட்டிலிருந்து ஒரு சிஸ்டத்தை டவுன்லோட் செய்தால், அது முழுசாக, பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று பார்க்க எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு நீளமான வரி கொடுத்திருப்பார்கள். செக்சம் என்போம். நம் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் காட்டும் வரியும் அதுவும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். இதைக் கண்ணால் பார்த்து முடிப்பது சாருக்குப் பிடிக்காது. கோயிலில் கோஷ்டி இரண்டாகப் பிரிந்து பாசுரம் சேவிப்பதுபோல அவர் ஒரு துண்டு சொல்வார், நான் அடுத்த துண்டு சொல்ல வேண்டும். "ஏ, நாலு, எஃப், எஃப், ஒண்ணு..." என்று அவர் ராகத்தோடு நிறுத்துவார். "ஏழு, சி, பூஜ்யம், டி..." என்று நான் எடுப்பேன். புதிதாக யாராவது ரூமுக்குள் வந்தால் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

இனி ராஜமாணிக்கம். கல்லூரியின் டெலிபோன் ஆப்பரேட்டர். முசிறியில் வாழை விவசாயம் பண்ணும் குடும்பம். பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. தினமும் பஸ்ஸில் வந்து போவார். வெளியிலிருந்து வரும் போன் எல்லாம் அவருடைய போர்டு வழியாகத்தான் எந்த ரூமுக்கும் போகும். ஒரு தடவை கேட்ட குரலை மறக்கவே மாட்டார். தும்மினால்கூட யார் என்று சொல்லிவிடுவார்.

டெலிபோன் லைனில் இன்டர்நெட் வந்த காலத்தில் எங்களுக்கு முதன்முதலாக லினக்ஸ் இறக்க ஆசை வந்தது. யாரும் இலவசமாக எடுத்து, யாருடைய கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொள்ளக்கூடிய சிஸ்டம் என்று கேள்விப்பட்டதும் சார் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். ஆனால் அது எறும்பு ஊர்வதுபோல வரும். நடுவில் யாராவது அந்த லைனில் போனை எடுத்துவிட்டால் அறுந்துபோகும். ராஜமாணிக்கத்திடம் போய்ச் சொன்னேன்.

"கவலைப்படாதீங்கக்கா. அந்த லைனை யாருக்கும் குடுக்கமாட்டேன்" என்றார்.

அன்றைக்கு மதியம் பிரின்சிபால் வெளியூர் பேச லைன் கேட்டிருக்கிறார்.

"ஒரு லைன்ல ஆபீஸ்ல பேசறாங்க சார். இன்னொண்ணுல காலையிலேர்ந்து ஆள் இருக்காங்க."

"யாருப்பா அது, காலையிலேர்ந்து?"

"லினக்ஸ் சார்."

"யாரு?"

"வெளிநாட்டுலேர்ந்து சார். கம்ப்யூட்டர் சென்டருக்கு வர்றாரு. இன்னும் முழுசா வந்து சேரலை."

சாயங்காலம் வராந்தாவில் எங்களைப் பார்த்த பிரின்சிபால் அக்கறையாக விசாரித்தார். "உங்க கெஸ்ட் வந்துட்டாரா? தங்கறதுக்கு ரூம் ஏதும் சொல்லணுமா?" சார் சிரிப்பைக் காட்டிக்கொள்ளவில்லை. "இன்னும் பாதி வழியில இருக்கார் சார். வந்ததும் அழைச்சுண்டு வந்து காட்டறேன்" என்றார். நான் லேபுக்குள் ஓடிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். விட்டுவிட்டு இறக்கி ஒரு வழியாக லினக்ஸ் வந்து சேர்ந்தது. பிரின்சிபாலைக் கூட்டிவந்து திரையைக் காட்டினோம். நல்ல மனிதர், எங்களைவிட அதிகமாகச் சிரித்தார்.

பல வருடம் கழித்து, பிராட்பேண்ட் வந்து, செல்போன் எல்லார் கைக்கும் வந்தபிறகு, கல்லூரியில் புதிய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வைத்தார்கள். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் நேராக அந்தந்த ரூமுக்கே மணி அடிக்கும். ஆப்பரேட்டர் வேண்டாம். ராஜமாணிக்கத்தின் போர்டைக் கழற்றிய அன்று அவர் அந்த மேஜையிலேயே உட்கார்ந்திருந்தார். போர்டு இருந்த இடத்தில் விரல்கள் சும்மா மேய்ந்துகொண்டிருந்தன. நான் பக்கத்தில் போய் நின்றதும், "பர்வீன் அக்காதானே? செருப்பு புதுசா?" என்று கேட்டார்.

நிர்வாகத்தில் செகரட்டரி கண்டிப்பானவர், கெட்டவர் அல்ல. சாரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அட்மிஷன் நேரம் வருது. விசாரணை மேஜைக்கு ஒரு ஆள் வேணும். போன்ல கேக்கறவங்களுக்குக் கம்ப்யூட்டரைப் பாத்துப் பதில் சொல்லணும். ராஜமாணிக்கத்தால முடியும்னா அவரையே போடறேன். முடியலைன்னா வேற ஆளைத்தான் எடுக்கணும், அவரை வீட்டுக்கு அனுப்பறதைத் தவிர எனக்கு வழி தெரியல. அட்மிஷன் ஆரம்பிக்கறதுக்குள்ள காட்டுங்க."

கண் தெரியாதவர் கம்ப்யூட்டரில் வேலை செய்ய, திரையில் இருப்பதை அது வாய்விட்டுப் படிக்க வேண்டும். எங்களிடம் விண்டோஸில் இருந்த பேசும் சாப்ட்வேர் இங்கிலீஷ் மட்டும்தான் பேசியது. கல்லூரி விவரங்களோ பாதிக்குமேல் தமிழில் இருந்தன. லினக்ஸில் ஒரு வகை, தமிழும் படிக்கும் என்று சார் தேடிக் கண்டுபிடித்தார். ராஜமாணிக்கத்துக்கு என்று கொடுத்த கம்ப்யூட்டரோ, லேபிலிருந்து கழித்துப் போட்ட பழசு. "முதல்ல முடியுதான்னு பாப்போம், அப்புறம் புதுசு" என்பது செகரட்டரியின் கட்டளை.

அப்போது ஆரம்பித்தது எங்கள் வெர்ஷன் வேட்டை.

முதலில் இருப்பதிலேயே புதிய வெர்ஷனை இறக்கினோம். போட்டதும் பேசியது. ஆனால் பழைய பெட்டிக்கு அதைத் தாங்க மெமரி இல்லை. தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு பேசுவதுபோல ஒவ்வொரு எழுத்தும் இழுத்து இழுத்து வந்தது. ராஜமாணிக்கம் காதைத் தேய்த்துக்கொண்டார். "அக்கா, இது ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள கேட்டவங்க வேற காலேஜ்ல சேந்துடுவாங்க."

அடுத்து ரொம்பப் பழைய வெர்ஷன். பெட்டி பறந்தது. இங்கிலீஷ் அருமையாகப் படித்தது. தமிழ் வந்ததும் ஒவ்வோர் எழுத்துக்கும் "லெட்டர், லெட்டர், லெட்டர்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனது. அது ஓர் எழுத்து என்பதுவரை அதற்குத் தெரிந்திருக்கிறது, படிக்கத்தான் தெரியவில்லை.

நடுவாந்தரமாக ஒன்றை எடுத்தோம். அதைப் பெட்டி உள்ளேயே விடவில்லை. புதிய வகை ப்ராசசருக்குச் செய்தது, உங்களுடையது பழைய வகை என்று திரையில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிட்டது. அதே வெர்ஷனில் பழைய ப்ராசசருக்கு ஏற்றது தனியாக இருந்தது. அதை இறக்கினோம். சாரும் நானும் செக்சம் சொல்ல உட்கார்ந்தோம். முதல் துண்டிலேயே சார் "பி" என்றார், என் பக்கம் "எட்டு" என்றிருந்தது. அதற்குப் பிறகு எதுவுமே ஒக்கவில்லை. பிராட்பேண்டும் எங்கேயோ ஒரு துளியைச் சிந்தியிருக்கிறது. அட்மிஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. "ஒரு துளிதானே சார், போட்டுப் பாத்துடலாமா?" என்று நான் இழுத்தேன்.

"அந்த ஒரு துளி எந்த இடத்துல சிந்தியிருக்கோ. நாளைக்கு அவர் மேஜையில, போன்ல ஆளை வெச்சுண்டு இருக்கறச்சே நின்னு போனா? திரும்ப இறக்கும்மா" என்றார் சார். திரும்ப இறக்கினேன். இந்தத் தடவை கடைசி எழுத்துவரை ஒத்துப்போனது. சார் மேஜையைத் தட்டினார்.

சிடியில் எழுதி எடுத்துக்கொண்டு நான் உட்காரப் போனபோது ராஜமாணிக்கம் கேட்டார்.

"அக்கா, இதை நானே போடட்டுமா?"

நான் சாரைப் பார்த்தேன். எங்களுக்கு இது தோன்றவே இல்லை. இந்த லினக்ஸில் போடும்போதே பேசும் வசதி உண்டு என்று படித்திருந்தோம். சிடி சுழன்று தயாரானதும் பெட்டி "பீப்" என்று ஒரு சத்தம் கொடுக்கும். உடனே 'எஸ்' அடித்து என்டர் தட்டினால் அங்கிருந்து முடிவுவரை எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்கும்.

"கத்துண்டு போட்டுட்டார்னா அப்புறம் நம்ம தயவு எதுக்கு அவருக்கு? போடட்டும்" என்றார் சார்.

ராஜமாணிக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விரலை 'எஸ்' மேல் வைத்துக் காத்திருந்தார். சிடி சுழன்றது. பீப் வரவில்லை. குத்துமதிப்பாக அடித்தார், ஒன்றும் பேசவில்லை. மறுபடி, மறுபடி. அவர் முகம் மெல்ல வாடியது. "அக்கா, நான்தான் தப்பா அடிக்கிறேனா?"

பெட்டியைத் திறந்து பார்த்தேன். பீப் சத்தம் போடும் பொத்தான் அளவு ஸ்பீக்கரே அதில் இல்லை. யாரோ எப்போதோ கழற்றியிருக்கிறார்கள். "தம்பி, நீங்க சரியாத்தான் அடிக்கிறீங்க. இதுக்கு வாயே இல்லை!" என்றேன். ஸ்டோர் ரூமில் ஒரு செத்த பெட்டியிலிருந்து ஸ்பீக்கரைப் பிடுங்கிவந்து மாட்டினேன். மறுபடி சிடி சுழன்றது.

பீப்.

அவர் விரல் அதே கணம் விழுந்தது. ஹெட்போனில் ஒரு இயந்திரக் குரல் மளமளவென்று பேச ஆரம்பித்தது. "அக்கா, பேசுது! என்ன மொழின்னு கேக்குது!" அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் அங்கே வேலையே இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் அது எண் போட்டு வழிகளைச் சொல்லும். அவர் எண்ணை அடித்து என்டர் தட்டுவார். ஆப்பரேட்டர் பயிற்சியில் தமிழ், இங்கிலீஷ் இரண்டு டைப்ரைட்டிங்கும் கற்றவர். விரல்களுக்கு வழி சொல்லித் தரவேண்டியதில்லை.

ஒரு இடத்தில் நின்றார். "சார், டிஸ்க்ல இருக்கறது எல்லாம் போயிடும், எழுதவான்னு கேக்குது. நான் ஒண்ணும் அடிக்கலைன்னா வேண்டாம்னு எடுத்துக்குமாம்."

சார் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கைக்குட்டையை எடுத்தார். "இதுல எது போனா நீங்க அழுவேள்?"

ராஜமாணிக்கம் சிரித்தார். "இதுல என்னுதுன்னு எதுவுமே இல்ல சார். இனிமேதான் வரணும்."

சம்மதம் என்பதற்கான எண்ணை அடித்து என்டர் தட்டினார்.

சிஸ்டம் ஏறி முடிந்து, பெட்டி தானாக எழுந்து நின்றதும், தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுத்தார். ஹெட்போனைக் கழற்றி எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். முதலில் தன் பெயரை அடித்தார். "ரா-ஜ-மா-ணிக்-கம்" என்று தமிழை நேற்றுதான் கற்றுக்கொண்ட வெள்ளைக்காரர் மாதிரி படித்தது பெட்டி. அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பார்த்தசாரதி" என்று அடித்தார். "பர்வீன் அக்கா" என்று அடித்தார். "ஆட்டுக்குட்டி" என்று அடித்தார். அது ஒவ்வொன்றையும் அதே மரியாதையோடு படித்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எங்களுக்கு. பக்கத்து லேபில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவர் வந்து என்னவென்று கேட்டுவிட்டு, தன் பெயரையும் அடிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்.

கல்லூரி விவரங்களை எல்லாம் ஏற்றிக் கொடுத்தோம். ஒரு காதில் போன், ஒரு காதில் ஹெட்போன் என்று பழகிக்கொண்டார். பெட்டி பேசும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். எனக்கு அது வண்டுச் சத்தமாகத்தான் கேட்டது. அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

சோதனை நாள் வந்தது. செகரட்டரி மேஜைக்கு வருவார் என்று காத்திருந்தோம். வரவில்லை. போன்தான் அடித்தது. நாங்களும் கேட்கட்டும் என்று ராஜமாணிக்கம் ஸ்பீக்கரில் போட்டார். கட்டைக்குரலில் யாரோ பேசினார்கள்.

"ஏங்க, நான் முசிறியிலேர்ந்து பேசறேன். எம் பொண்ணை பி.காம் சேக்கணும். ஹாஸ்டல்ல இடம் இருக்குங்களா?"

ராஜமாணிக்கத்தின் புருவம் ஒருமுறை ஏறி இறங்கியது. விரல்கள் கீபோர்டில் ஓடின. "முதல் வருசப் பிள்ளைங்களுக்கு இடம் இருக்குங்க. விண்ணப்பத்தோடவே ஹாஸ்டலுக்கும் எழுதிடணுங்க."

கட்டைக்குரல் விடாமல் கேட்டது. தமிழ் மீடியம் உண்டா, சான்றிதழ் என்னென்ன வேண்டும், பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டு உண்டா. ஒவ்வொன்றுக்கும் ஹெட்போனில் வண்டு ரீங்கரித்தது, இவர் நிதானமாகப் பதில் சொன்னார். சார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஹாஸ்டல் வேணாம்னா முசிறியிலேர்ந்து தினம் வந்து போக முடியுங்களா?"

"தாராளமா முடியுங்க. நானே அப்படித்தான் வர்றேன். முசிறியில நீங்க எங்கங்க?"

கட்டைக்குரல் ஒருமுறை கனைத்துக்கொண்டது.

"அது வந்து... ஆத்தங்கரைப் பக்கம்."

"முசிறியே ஆத்தங்கரைதானுங்களே" என்றார் ராஜமாணிக்கம் பணிவாக. "சரிங்க, பாடத்திட்டம் எல்லாம் மெயில்ல அனுப்பி வைக்கறேன். உங்க ஆபீஸ் மெயிலுக்கே அனுப்பிடட்டுங்களா, செகரட்டரி சார்?"

சிரிப்புச் சத்தம் போனில் ஒருமுறையும் வராந்தா வழியாக ஒருமுறையும் கேட்டது. செகரட்டரியின் ரூம் அந்தக் கோடியில்தான். மூக்குக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார். ராஜமாணிக்கம் எழுந்து நின்றார்.

"உக்காருங்க, உக்காருங்க. இது உங்க மேஜை" என்றார் செகரட்டரி.

அதை அவர் இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிடுவார் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே வந்துவிட்டது. சார் பெருமாளே என்றார். ராஜமாணிக்கம் உட்காரவே மறந்து நின்றுகொண்டிருந்தார். மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

செகரட்டரி ஹெட்போனை எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தார். "ரொம்ப வேகமாப் பேசுதே. மெதுவாவும் பேசுமா?"

"எவ்வளவு மெதுவா வேணும்னாலும் பேசும் சார்."

செகரட்டரி குரலைத் தணித்துக்கொண்டார். "என் கம்ப்யூட்டர்லயும் இதைப் போட முடியுமா? கண் ஆப்பரேஷனுக்கு டாக்டர் இன்னும் நாள் குறிக்கலை. கண்ணாடி போட்டாலும் எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியுது. யார்கிட்டயும் சொல்லிக்கலை."

நான் சிடியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ராஜமாணிக்கம் கையை நீட்டினார்.

"அக்கா, நீங்க இருங்க. நான் போட்டுட்டு வர்றேன்."

சிடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, செகரட்டரியின் முழங்கையைப் பிடித்தபடி வராந்தாவில் நடந்தார். இரண்டு பேரும் முசிறி பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டே போனது கேட்டது. அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் போன் அடித்தது.

"ராஜமாணிக்கம் சார் இல்லீங்களா?" என்றார் ஒரு அம்மா.

"செகரட்டரி ரூமுக்கு சிஸ்டம் போடப் போயிருக்காருங்க. நான் அவரோட அசிஸ்டென்ட் பேசறேன், சொல்லுங்க" என்றேன்.